பொங்கலுக்குப் பொங்கல் பட்டி பார்த்தும் அதே இடத்தில் விரிசல்

ஊசிநூல் (2024 ஜூன்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோவில்பட்டியில் இருக்கிறது. 2013-இல் கட்டியது. சேம்பர் செங்கல், 9 அங்குலச் சுவர், அஸ்திவாரம் கருங்கல் கட்டு நாலரை அடி. பில்லர் கிடையாது, சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. மண் சுத்தமான கரிசல். கட்டும்போது மேஸ்திரி, "நாலரை அடி போதும், பக்கத்து வீடெல்லாம் நாலடிதான்" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

2017 கோடையில்தான் முதல் விரிசலைப் பார்த்தேன். முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய், தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசாங்கம் அறிவித்த சமயம். தென்கிழக்கு மூலை படுக்கையறையில், ஜன்னலின் மேல்மூலையில் ஆரம்பித்து, மாடிப்படி மாதிரி செங்கல் செங்கலாக ஏறி சீலிங்கைத் தொட்டிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் தையல் மிஷின். வேலை செய்யும்போதெல்லாம் கண் அங்கேயே போகிறது.

அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பட்டி (பெயிண்டுக்கு முன்னால் சுவரில் தடவுகிற வெள்ளைப் பசை) வைத்து மூடினோம். வைகாசிக்குள் திரும்ப வந்துவிட்டது. 2019 பொங்கலுக்கு 'கிராக் ஃபில்லர்' பசை வைத்து மூடினார்கள், 6,500 ரூபாய். அதுவும் அதே கதை. 2022 பொங்கலுக்குப் பூச்சை ஓரடி அகலத்துக்குக் கொத்தி எடுத்து, வலைத் துணி ஒட்டி, மேலே பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து 18,000. அது மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 2023 டிசம்பர் பெருமழையில் வீட்டைச் சுற்றி இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அப்போது அந்த அறைக் கதவு சாத்த முடியாமல் இறுகிக்கொண்டது. இப்போது கதவு சரியாகிவிட்டது, சுவர் வாயைப் பிளந்துவிட்டது. இதுவரை இவ்வளவு அகலம் கிடையாது.

மாடியில் 2018-இல் எடுத்த 14 அடி அறையிலும் ஒன்று இருக்கிறது. அது வேறு மாதிரி. சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஓடுகிறது.

ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துத் 'தையல்' போட வேண்டும், 85,000 ஆகும் என்கிறார். தையல் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிழிந்த துணியைத் தைத்தால் அடுத்த கிழிசல் தையலுக்குப் பக்கத்திலேயே வரும் என்று தெரிந்தவள் நான். வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார், முடிவெடுக்க வேண்டியது நான்தான். இந்தப் பணத்தைப் போடலாமா?


பட்டிக்காரன்

அக்கா, நான் பெயிண்டர். இருபது வருஷமாகப் பட்டி பார்க்கிறவன், என் தொழிலை நானே குறை சொல்லப் போகிறேன்.

நாங்கள் வைக்கிற பட்டி வெள்ளை சிமெண்ட் சரக்கு. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் வைக்கலாம். காய்ந்தால் சாக்பீஸ் மாதிரி ஆகிவிடும். இழுத்தால் கொடுக்காது, உடையும். சும்மா பூச்சு காய்ந்து விட்ட மயிரிழை விரிசலுக்கு அது போதும். அசைகிற சுவருக்குப் பட்டி வைப்பது, ஓடுகிற மாட்டுக்குக் கோலம் போடுகிற மாதிரி.

உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது வேறு. மூன்று தடவையும் பொங்கலுக்குத்தான் வேலை செய்திருக்கிறீர்கள். மழை முடிந்து மண் ஊறிக் கிடக்கிற நேரம் அது. விரிசல் வருஷத்திலேயே ஒடுக்கமாக இருப்பது அப்போதுதான். ஒடுங்கிக் கிடப்பதில் எவ்வளவு பட்டி உள்ளே போகும்? மேலாக ஒரு தடவல்தான் விழும். மாசி, பங்குனி தாண்டி மண் காய்ந்ததும் சுவர் விரிகிறது, பட்டிக்கு நடுவில் கோடு விழுகிறது. நீங்கள் பெயிண்டரைத் திட்டுகிறீர்கள்.

ஊர் முழுக்க மார்கழியில்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். நாங்களும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்துவிட்டு வருகிறோம். பொய் சொல்வானேன்.

அசைவு குறைந்த பிறகு, விரிசல் பாதி திறந்திருக்கிற பருவமாகப் பார்த்து, 'வி' மாதிரி வெட்டி, தூசியை ஊதி எடுத்து, பெயிண்ட் ஏறுகிற அக்ரிலிக் சீலண்டு போடுங்கள். அது ரப்பர் மாதிரி கொஞ்சம் கொடுக்கும். சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் நிற்காது. ஆனால் அசைவு எப்படிக் குறையும் என்பது எனக்குத் தெரிந்த வித்தை இல்லை. கட்டடம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


பழைய ஓவர்சியர்

அம்மா, 85,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். தையல் என்பது கெட்ட முறை இல்லை. அசைவு நின்றுபோன சுவரில் போட்டால் நன்றாகவே பிடிக்கும். அசைந்துகொண்டிருக்கிற சுவரில் போட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று வரும். இதற்கு முந்தி யாராவது அந்தச் சுவர் அசைகிறதா என்று அளந்தார்களா? இல்லை. வந்தவர்கள் எல்லோரும் விரிசலைப் பார்த்தார்கள், மண்ணைப் பார்க்கவில்லை.

கரிசலைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் காட்டில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை பெய்ததும் அத்தனையும் மூடிக்கொள்ளும். அந்தக் களிமண்ணில் இருக்கும் தாது அடுக்கடுக்கான தகடு மாதிரி. அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும், போனால் சுருங்கும். காட்டில் நடப்பது உங்கள் வீட்டுக்கு அடியிலும் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அவ்வளவாக மாறாது, வெயிலும் மழையும் அங்கே எட்டாது. ஓரங்களும் மூலைகளும்தான் மாறி மாறி ஊறிக் காய்கின்றன. ஆகவே மூலை இறங்கும், ஏறும், இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் ஆழமான கரிசலில் பத்துப் பன்னிரண்டு அடி வரைக்கும் இருக்கும். நாலரை அடி அஸ்திவாரம் அதற்கு நடுவில் மிதக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகத்தான் அடியில் குமிழ் வைத்த 'அண்டர்ரீம்டு' பைல் முறை, அதாவது ஆழமாகத் துளை போட்டுக் காங்கிரீட் தூண் இறக்குகிற முறை, வந்தது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டுக் கரிசலுக்கென்றே அதை வளர்த்தெடுத்தது. புதிதாகக் கட்டுகிறவர்கள் அதை யோசிக்கலாம். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். விரிசல் மேலே அகலமா, கீழே அகலமா? மேலே அகலம் என்றால் வீட்டின் மூலை இறங்குகிறது. கீழே அகலம் என்றால் சுவரின் நடு இறங்குகிறது. அடுத்து, அந்த மூலைக்கு எத்தனை அடியில் மரம் இருக்கிறது? கடைசியாக, குளிக்கிற, துவைக்கிற தண்ணீரும் மொட்டைமாடித் தண்ணீரும் எங்கே விழுகின்றன?

கதவு இறுகியதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மழையில் மரமும் ஊதும்.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீளுகிறதா என்று தெரியும். அகலத்துக்குப் பெரிய கருவி வேண்டாம். ஏடிஎம் கார்டு ஒன்றின் கனம் முக்கால் மில்லிமீட்டர். விரிசலின் ஒரே இடத்தில், ஓரம் உடையாமல் சுத்தமாக இருக்கும் இடமாகப் பார்த்து, எத்தனை கார்டு சேர்ந்து நுழைகிறது என்று மாதம் ஒருமுறை பார்த்து எழுதுங்கள். பழைய கார்டாக எடுத்துக்கொள்ளுங்கள், புதிதைச் சுவரில் தேய்த்துவிட்டு என்னைத் திட்டக்கூடாது. ஒரு வருஷம் முழுக்க வேண்டும். நடுவில் பட்டி, பெயிண்ட் எதுவும் கூடாது.

திடீரென்று ஏழெட்டுக் கார்டு நுழைகிற அளவுக்கு விரிந்தாலோ, சுவர் வெளிப்பக்கம் பிதுங்கினாலோ, லிண்டலிலோ (ஜன்னல், கதவுக்கு மேலே போகிற காங்கிரீட் விட்டம்) தளத்திலோ துருக்கறையோடு விரிசல் வந்தாலோ, வருஷக் கணக்குப் பார்க்காமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அது வேறு நோய்.


ஊசிநூல்

சார், நன்றி. டேப்பும் கையுமாகத்தான் இருக்கிறேன், அதனால் அளப்பது கஷ்டமில்லை. மேலேதான் அகலம். சீலிங் பக்கம் மூன்று கார்டு தாராளமாக நுழைகிறது, ஜன்னல் மூலையில் ஒன்றே முட்டிக்கொண்டு நிற்கிறது.

மூலையிலிருந்து ஏழடியில் வேப்பமரம். மாமனார் நட்டது, வீட்டை விட மூத்தது. இப்போது மொட்டைமாடிக்கு மேல் நிழல் விழுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன், வெட்டிவிடலாம் என்றார். அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

துவைக்கிற தண்ணீர் வடகிழக்கு மூலையில் இருக்கும் வாழைக்குப் போகிறது. மாடித் தண்ணீர் பைப் வழியாக இறங்கிச் சுவரோரத்திலேயே விழுகிறது. வீட்டைச் சுற்றி வெறும் மண்தான். 'காம்பவுண்டுக்குள் சிமெண்ட் போட்டால் சூடு' என்று விட்டுவிட்டோம்.


பழைய ஓவர்சியர்

பாருங்கள், வடகிழக்கு மூலைக்கு வருஷம் முழுக்க வாழைத் தண்ணீர். தென்கிழக்கு மூலையில் வேம்பு உறிஞ்சுகிறது. ஒரே வீட்டில் ஒரு கால் சேற்றில், ஒரு கால் வெடிப்பில். சுவர் வேறென்ன செய்யும்?

மரத்தை வெட்டாதீர்கள். அத்தைக்காக மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வேர் உறிஞ்சி வறண்டு கிடக்கிற கரிசல், மரம் போனதும் வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் திரும்பக் குடித்து உப்பும். இறங்கின மூலை எழும்ப ஆரம்பிக்கும். அது இதைவிடப் பெரிய தலைவலி. கிளைகளைக் கழித்துவிடுங்கள், இலை குறைந்தால் உறிஞ்சுவது குறையும். பெரிய வேர்களை ஒரு பக்கமாக வெட்டவும் வேண்டாம், காற்றுக்கு மரம் சாய்ந்துவிடலாம்.

வாழையைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், அல்லது அந்தத் தண்ணீரைக் குழாயில் தெருப் பக்கம் கொண்டுபோங்கள். மாடித் தண்ணீரையும் அப்படியே.

அப்புறம் வீட்டைச் சுற்றி நடைமேடை மாதிரி ஒரு சிமெண்ட் பட்டை போடுங்கள். அகலம் நாலடிக்குக் குறையக்கூடாது. செய்முறை முக்கியம்: கரிசல் மேலேயே காங்கிரீட்டைக் கொட்டினால் அது அடுத்த கோடையில் அப்பளம் மாதிரி உடையும். ஒன்றரை அடி கரிசலை வெட்டி வெளியே எடுத்துவிட்டு, கிராவல் மண்ணை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திம்சு போட்டு இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் காங்கிரீட், வெளிப்பக்கம் நல்ல சரிவோடு. சுவரும் பட்டையும் சேரும் இடத்தைச் சிமெண்டால் ஒட்டாமல் இடைவெளி விட்டுத் தாரோ சீலண்டோ ஊற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டை தனியே, சுவர் தனியே என்று அந்த இடத்திலேயே பிளந்து, தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குப் போகும். பலர் செலவெல்லாம் செய்துவிட்டு இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெட்டுவதை மழைக்காலத்தில் செய்ய வேண்டாம். சுவரோரம் ஒன்றரை அடிக்கு மேல் தோண்டவும் கூடாது.

கரிசலுக்கு ஈரம் பகை இல்லை, காய்ச்சலும் பகை இல்லை. ஒன்று மாற்றி ஒன்று வருவதுதான் தொல்லை. அந்த மாற்றத்தைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி வைக்கிறோம், அவ்வளவுதான். விரிசல் சுத்தமாகப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்திய தர நிர்ணய அமைப்பு கட்டட விரிசல்களுக்கென்றே 1984-இல் எஸ்பி 25 என்று ஒரு கையேடு போட்டிருக்கிறது. உங்கள் இன்ஜினியரிடம் அதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.


மொட்டைமாடி

மதுரையிலிருந்து. மாடி அறை விரிசலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதற்கும் கரிசலுக்கும் சம்பந்தமில்லை, வெயில்தான் காரணம்.

காங்கிரீட் சூட்டில் நீளும். 14 அடித் தளம் 30 டிகிரி சூடேறினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் நீளும். செங்கல் அதில் பாதிதான் நீளும், அதுவும் சுவருக்குத் தளத்தளவு சூடு ஏறாது. தினமும் மதியம் தளம் சுவர் மேல் நகர்ந்து, ராத்திரி திரும்பி வருகிறது. கீழ்த்தளத்துக்கு மேலே ஒரு மாடி இருந்தால் இது நடக்காது, வெயில் படுகிற கடைசித் தளத்துக்குத்தான் இந்த வினை.

எங்கள் வீட்டில் ஐந்து வருஷம் அதைப் பட்டி வைத்து மூடி ஏமாந்தேன். கடைசியில் மூடுவதை விட்டேன். சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் அரை அங்குல அகலத்துக்குப் பூச்சை நேராக வெட்டி, பள்ளமாகவே விட்டு, உள்ளே சீலண்டு போட்டோம். இப்போது அது டிசைன் மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் கேட்கிறார்கள். பள்ளம் பிடிக்காதவர்கள் மேலே கார்னிஸ், அதாவது அலங்கார ஓரப்பட்டை, ஒட்டலாம். ஆனால் சீலிங்கில் மட்டும் ஒட்ட வேண்டும், சுவரோடு சேர்த்து ஒட்டினால் கார்னிஸும் வெடிக்கும். மொட்டைமாடிக்குத் தட்டோடு பதித்தோ வெள்ளை கூல் பெயிண்ட் அடித்தோ சூட்டைக் குறைத்தால் அசைவும் குறையும், மின்விசிறிக் காற்றும் அனலாக வராது.


ஊசிநூல் (2025 செப்டம்பர்)

பாதியில் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். ஓவர்சியர் சார் சொன்ன ஒரு வருஷம் முடியட்டும் என்று இருந்தேன்.

பிளவுஸ் அளவு எழுதுகிற நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தேன். 2024 ஜூனில் மூன்று கார்டு. சித்திரை வெயிலில்தான் உச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது தப்பு. ஆவணியில் நாலு ஆயிற்று, புரட்டாசி முதல் வாரம் ஐந்தாவது கார்டும் நுழைந்தது. மழை தொடங்குகிற வரைக்கும் மண் காய்ந்துகொண்டே போகிறது போல. ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு. டிசம்பர் மழைக்குப் பிறகு ஒரு கார்டைக்கூட நுழைக்க முடியவில்லை. பட்டிக்காரன் தம்பி சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று பொங்கலும் நாங்கள் மூடியது ஏற்கெனவே மூடியிருந்த விரிசலை.

இந்தப் பொங்கலுக்கு அந்த அறையை மட்டும் வெள்ளையடிக்கவில்லை. அத்தைக்கு ஒரே வருத்தம். 'நல்ல நாளும் அதுவுமாகச் சுவரில் பென்சில் கிறுக்கலா' என்று கேட்டார். மரத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கிறுக்கல் என்றதும் அப்புறம் பேசவில்லை.

மாசியில் பட்டை போட்டோம். மேஸ்திரி கரிசலை எடுக்காமலே ஜல்லியைக் கொட்டப் பார்த்தார். போனில் சாருடைய பதிலை எடுத்துக் காட்டித் தோண்ட வைத்தேன். சுவரோர இடைவெளியையும் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டார், அதை மறுநாள் நானே உளி வைத்துத் தட்டி எடுத்துத் தார் ஊற்றினேன். மூன்று பக்கம்தான் நாலடி அகலத்துக்குப் போட முடிந்தது, நாலாவது பக்கம் காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கிறது, இருக்கிற அகலத்துக்குப் போட்டோம். மண் எடுத்தது, கிராவல், கூலி எல்லாம் சேர்த்து 62,000. வாழை இடம் மாறிவிட்டது, இன்னும் கோபமாக இருக்கிறது, குலை தள்ளவில்லை. வேம்பில் மூன்று பெரிய கிளை கழித்தோம்.

இன்றைக்குப் பார்த்தேன். போன வருஷம் இதே வாரம் ஐந்து கார்டு. இந்த வருஷம் இரண்டு, மூன்றாவது நுனியில் நிற்கிறது. பென்சில் கோட்டைத் தாண்டி நீளவில்லை.

இப்போது மூடலாமா, சார்?


பழைய ஓவர்சியர்

அவசரப்படாதீர்கள் அம்மா. பட்டை போட்ட பிறகு இன்னும் ஒரு மழைக்காலத்தை அந்த மூலை பார்க்கவில்லை. இந்த ஐப்பசி, கார்த்திகை போகட்டும், தையில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கார்டு வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கார்டுக்குள் வித்தியாசம் என்றால் சீலண்டு தாங்கும். மேஸ்திரி அடைத்ததைத் தட்டி எடுத்தீர்களே, அதற்கு என் வணக்கம்.


பட்டிக்காரன்

அப்போ சித்திரை கடைசியில் கூப்பிடுங்கள் அக்கா. அந்த மாதம் எங்களுக்கு வேலையே இருக்காது, கூலியும் குறைத்து வாங்கிக்கொள்வோம். பென்சில் கோட்டை அழிக்காமல் வையுங்கள், நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.